கெடுவைத் தவறவிடுவது எப்படி?

அடிபட்டவர்கள் எல்லோரும் நஷ்ட ஈடு கேட்டுக் கிளம்பிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் எப்படிப் பிழைக்கும் என்று யாராவது கவலைப்பட்டதுண்டா? நம்மில் பலர் பட்டிருக்கிறார்கள். கால் முறிந்து, கம்பி வைத்து, நகையை அடகு வைத்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்துவிட்டு, கடைசிவரை ஒரு பைசா கேட்காமல் கம்பெனியை வாழவைத்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இது தானாகக் கைகூடுவதல்ல. எதிர்த்தரப்பு வக்கீலின் சாமர்த்தியமும் இதற்கு வேண்டாம். சும்மா இருந்தால் போதும். ஆனால் எத்தனை நாள் சும்மா இருப்பது, அந்த நாள்களை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. ஒருநாள் முந்திப் போய்விட்டாலும் மனுவுக்கு நம்பர் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் வழக்கு நடத்தித் தொலைக்க வேண்டியதுதான்.

ஆகவே, நஷ்ட ஈட்டுத் தொல்லையிலிருந்து நிரந்தரமாக விடுபட விரும்புவோருக்குச் சில யோசனைகள்.

தேதியைத் தப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

சட்டம் பெரும்பாலும் சம்பவம் நடந்த நாளை வைத்துத்தான் எண்ணுகிறது. இதை நீங்கள் நம்பவே கூடாது. மாற்றுத் தேதிகள் ஊரில் நிறையப் புழங்குகின்றன. டிஸ்சார்ஜ் ஆன தேதி, மாவுக்கட்டுப் பிரித்த தேதி, உள்ளே வைத்த பிளேட்டைத் திரும்ப எடுத்த தேதி, கம்பெனியிலிருந்து "இயலாது" என்று கடிதம் வந்த தேதி, குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்ட தேதி. எதை எடுத்துக்கொண்டாலும் பலன் ஒன்றுதான்.

இவற்றில் எனக்குப் பிடித்தது ஊன சர்டிபிகேட். எத்தனை சதவீதம் ஊனம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்காமல் எப்படிக் கேஸ் போடுவது என்று கேட்டால் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போவார். நியாயமான கேள்வி போலவே தோன்றும். எலும்பு கூடி, நடக்கப் பழகி, இனி இதற்குமேல் தேறாது என்ற நிலை வந்த பிறகுதான் நிரந்தர ஊனத்தை மதிப்பிட முடியும். அதற்குப் பல மாதங்கள் ஆகும். அந்தக் காகிதத்தைச் சாட்சி விசாரணையின்போது கொடுத்தால் போதும், மனுப்போடும் நாளிலேயே கையில் இருக்க வேண்டியதில்லை என்ற விவரத்தை உங்களிடம் யாராவது சொல்ல வந்தால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

அடுத்து கிரிமினல் கேஸ். இது அசைக்க முடியாத சாக்கு. லாரி டிரைவர்மீது போலீஸ் வழக்குப் போட்டிருக்கும். முன்பெல்லாம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337, 338 என்று எழுதுவார்கள்; 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125. அந்த வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாய்தாவுக்கு வாய்தா நகரும். "அங்கே தீர்ப்பு வரட்டும், அவன்தான் குற்றவாளி என்று ஆகட்டும், அப்புறம் போடலாம்" என்று காத்திருங்கள். டிரைவர் ஒருநாள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விட்டிருப்பார். அந்தச் செய்தி உங்களுக்கு வந்து சேராது. அல்லது சாட்சி பிறழ்ந்து விடுதலையாவார். செய்தி உடனே வந்து சேரும், நீங்களும் மனமுடைந்து உட்கார்ந்துவிடுவீர்கள். இரண்டும் நமக்குச் சாதகம். நஷ்ட ஈட்டு வழக்கு தனிப் பாதை. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டாம், எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தாலே போதும். கிரிமினல் கோர்ட் தீர்ப்புக்காக அது காத்திருப்பதும் இல்லை. இதெல்லாம் தெரிந்த வக்கீலின் வாசலைத் தாண்டிப் போகும்போது குடையை விரித்துக்கொள்ளவும்.

அனுபவசாலியைக் கேளுங்கள்

எல்லாக் குடும்பத்திலும் 1999 வாக்கில் ஆக்சிடென்ட் கேஸ் போட்டு ஜெயித்த ஒரு சித்தப்பா இருப்பார். உங்கள் வழக்கைக் காலாவதியாக்க அவரைவிடத் தகுதியானவர் கிடையாது. ஏனென்றால் அவர் பொய் சொல்ல மாட்டார்.

"எம்.சி.ஓ.பி.க்கு லிமிட்டேஷனே கிடையாதுடா தம்பி. நான் மூணு வருஷம் கழிச்சுத்தான் போட்டேன். வட்டியோட குடுத்தான்."

எம்.சி.ஓ.பி. என்றால் மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு மனு. அவர் சொல்வது முழு உண்மை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்தபோது 166ஆம் பிரிவில் ஆறு மாதக் கெடு இருந்தது. தக்க காரணம் சொன்னால் ஒரு வருஷம் வரை மன்னிக்கலாம் என்றும் இருந்தது. 1994 நவம்பர் 14 முதல் அந்த உட்பிரிவையே எடுத்துவிட்டார்கள். பழைய கெடுவில் சிக்கிக்கொண்டு நிலுவையில் நின்றவர்களுக்கும் இந்த நீக்கத்தின் பலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. ஏழை எளியவர்களுக்குச் சட்டம் உண்மையிலேயே இடம்விட்ட காலம் அது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சித்தப்பா சொன்னதுதான் சட்டம்.

பிறகு 2019இல் திருத்தம் வந்தது. அதன் இந்தப் பகுதி 2022 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அது நிதியாண்டின் முதல் நாள்; வேறு உள்நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப்போடாவிட்டால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் அதை ஏற்கக்கூடாது. இந்த முறை மன்னிக்கும் அதிகாரத்தை அந்தப் பிரிவில் எழுதவே இல்லை. 1988இல் இருந்த இரக்கம்கூட 2019இல் இல்லை.

இங்கே கொஞ்சம் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பேசுகிறேன். தொடை எலும்பு முறிந்து கிடக்கும் ஒரு கொத்தனாருக்கு ஆறு மாதம் என்பது என்ன? அவர் கழிப்பறைக்குத் தனியாகப் போகத் தொடங்கவே அதில் பாதி போய்விடும். அவரே வேறு ஒருவர்மீது பணத் தகராறு என்று வழக்குப் போட்டால் மூன்று வருஷம் கிடைத்திருக்கும். எலும்பைவிடக் கணக்குக்கு அதிக அவகாசம். பொய் மனுக்களைத் தடுக்கத்தான் இந்தக் கெடு என்பார்கள். பொய் மனுப் போடுகிறவன் என்றைக்குக் கெடுவைத் தவறவிட்டான்? அவன் விபத்துக்கு மறுநாளே தயாராக இருப்பான்.

சரி, பாடத்துக்குத் திரும்புவோம். நம் முயற்சிக்கு 2025 நவம்பரில் ஓர் இடைஞ்சல் வந்தது. இந்த ஆறு மாதக் கெடு செல்லுமா என்ற வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கின்றன. அவை முடியும்வரை, காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தீர்ப்பாயங்களும் உயர் நீதிமன்றங்களும் மனுக்களைத் தள்ளிவிடக்கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டார்கள். ஆனால் மனம் தளர வேண்டாம். "இடைக்கால" என்ற சொல்லைக் காதில் வாங்காமல், இனி எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று உறுதியாக நம்பிவிடுங்கள். இடைக்கால உத்தரவைப் பட்டா நிலம் என்று நினைத்து அதில் வீடு கட்டியவர்கள் இந்த நாட்டில் ஏராளம்.

ஆறு மாதம் என்பதையும் உங்கள் வசதிக்கு எண்ணிக்கொள்ளலாம். சட்டத்தில் மாதம் என்றால் காலண்டர் மாதம். 180 நாள் என்று பெருக்கிப் பார்ப்பதில்லை. அடிபட்ட அந்த ஒரு நாளைச் சேர்க்காமல் மறுநாளிலிருந்து எண்ணுவது பொது வழக்கம். மார்ச் 10 அன்று விழுந்தால் செப்டம்பர் 10 வரை. நீங்கள் இங்கிலீஷ் காலண்டரை விட்டுவிட்டு, மாசி மாதம் கடைசியில் அடிபட்டது, எப்படியும் புரட்டாசிவரை இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். புரட்டாசி பிறக்கும்போது செப்டம்பர் 17 ஆகியிருக்கும். ஒரு வாரத்தில் காரியம் முடிந்தது.

காகிதங்களை அண்டவிடாதீர்கள்

விபத்து நடந்த இடத்திலேயே வேலையை ஆரம்பிக்கலாம். கார்க்காரர் இறங்கி வருவார். பதறிப்போன நல்ல மனுஷராகவே இருப்பார்.

"அண்ணே, ஆஸ்பத்திரிச் செலவு பூரா நான் பாத்துக்கறேண்ணே. ஸ்டேஷனுக்குப் போனா ரெண்டு பேருக்கும் அலைச்சல்தான். இதை வெச்சுக்கங்க, மிச்சம் நாளைக்குக் குடுத்துடறேன்."

"பரவால்ல தம்பி, வேணும்னா பண்றான் ஒருத்தன்? நீங்க கிளம்புங்க."

சபாஷ். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், வண்டி நம்பரைப் பார்க்காதீர்கள். அவர் இரண்டு தவணை கொடுப்பார். மூன்றாவது தவணைக்குப் போன் ரிங் போகும், எடுக்க மாட்டார். ஆனாலும் "பேச்சு நடந்துகொண்டிருக்கிறது" என்று நீங்கள் பொறுமையாக இருக்க வேண்டும். பேச்சு நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்பதில்லை என்பது நமக்குப் பெரிய அனுகூலம். கார்க்காரரோடு மட்டுமல்ல, இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆளோடும் மாதக்கணக்கில் பேசலாம். அவர் எப்போதும் "ஃபைல் மேலிடத்துக்குப் போயிருக்கு சார்" என்பார்.

எஃப்.ஐ.ஆர். ஆகாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். காரணம் இருக்கிறது. விபத்து நடந்ததும் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை என்று போலீஸ் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என 2022 விதிகள் சொல்கின்றன. அந்த அறிக்கையையே நஷ்ட ஈட்டு மனுவாக எடுத்துக்கொள்ள 166ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு இடம் தருகிறது. அதாவது நீங்கள் கட்டிலில் படுத்தபடி சும்மா இருக்கும்போதே, உங்களைக் கேட்காமல் உங்கள் வழக்கு உள்ளே போய்விடும் அபாயம் உண்டு. எவ்வளவு பெரிய துரோகம்! ஸ்டேஷன் பக்கமே போகாதவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் உருவாகும். ஏ.ஆர். காப்பி என்பார்கள், விபத்துப் பதிவேட்டின் நகல். காஷுவாலிட்டியில் கைநாட்டு, நேரம், யார் கூட்டி வந்தது, எந்த வண்டி மோதியது என்று டியூட்டி டாக்டர் கிறுக்கிய அரைப் பக்கம். மூன்று வருஷம் கழித்து கோர்ட்டில் எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பது இந்த அரைப் பக்கத்தைத்தான். "எப்படிப்பா அடிபட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டால், பின்னால் நிற்கும் கார்க்காரரின் முகத்தைப் பார்த்து, "பைக்ல போகும்போது நாய் குறுக்க வந்து, நானா விழுந்துட்டேன் சார்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி ஆயுள் முழுக்க உங்களைக் காப்பாற்றும். கெடுவுக்குள் கேஸ் போட்டுவிட்டால்கூடப் பயமில்லை.

இன்னொன்று. ஓசூரில் அடிபட்டவர் ஓசூரில்தான் கேஸ் போட வேண்டும் என்று நம்புவது நல்லது. திருநெல்வேலிக்காரர் ஊன்றுகோலோடு ஓசூருக்கு எத்தனை முறை பஸ் ஏறுவார்? தான் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம் என்று சட்டம் சொல்வதை எட்டூருக்குத் தமுக்கடித்துச் சொல்லவா போகிறார்கள்.

வயிற்று வலிக்கு கேஸ் டிரபிள் என்று பெயர் வையுங்கள்

சாலை விபத்தில் அடிபட்ட நாள் அடிபட்டவருக்குத் தெரியும். ஆபரேஷன் தியேட்டரில் மயங்கிக் கிடந்தவருக்கு என்ன தெரியும்? இங்கேதான் கெடு எப்போது தொடங்குகிறது என்ற கேள்வி சுவாரசியமாகிறது.

பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் முடிவு செய்தது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம், வழக்கு மூலம் எழுந்த நாளிலிருந்து. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 69ஆம் பிரிவு. வழக்கு மூலம் எழுந்த நாள் எது? கத்தி வைத்த நாளா, கத்தி வைத்தவர் செய்த தவறு வெளியே தெரிந்த நாளா?

மும்பையில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பாடப்புத்தகம். 1993 நவம்பரில் ஒரு பெண்ணுக்குப் பித்தப்பை ஆபரேஷன். அவரே செவிலியர். பிறகு வயிற்றில் வலி. மாத்திரை போட்டுக்கொண்டு காலம் தள்ளினார். 2002இல் ஸ்கேன் எடுத்தபோது உள்ளே ஏதோ இருப்பது தெரிந்து, மறுபடி அறுத்து எடுத்தார்கள். ஆபரேஷன் துணி. ஒன்பது வருஷம் அது அவரோடு வாழ்ந்திருக்கிறது. 2004இல் புகார் கொடுத்தார். துணி கண்ணில் பட்ட நாளிலிருந்து எண்ணினால் கெடுவுக்குள் வந்துவிடும்.

2010இல் உச்ச நீதிமன்றம் இரண்டு பகுதியாகப் பதில் சொன்னது. முதல் பகுதி நோயாளிகளுக்கு ஆறுதல்: தவறின் விளைவு வெளிப்படையாகத் தெரிந்தால் அன்றிலிருந்தே கணக்கு, உள்ளே மறைந்திருந்தால், நோயாளிக்கு அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கு, அல்லது கொஞ்சம் கவனம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து. இரண்டாம் பகுதி அந்தப் பெண்ணுக்கு: வலி ஆபரேஷன் முடிந்த கையோடு தொடங்கியிருக்கிறது, நீங்களோ அனுபவமுள்ள செவிலியர், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, ஆகவே காலம் கடந்துவிட்டது. புகார் தள்ளுபடி.

"தெரிந்திருக்கக்கூடிய நாள்." நம் கைநூலின் மூலமந்திரம் இதுதான். உங்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று பிறகு ஒருநாள் தீர்மானிக்கப்படும். அந்த நாளுக்கான ஏற்பாடு மிக எளிது. ஆபரேஷனுக்குப் பிறகு வலித்தால் அதற்கு கேஸ் டிரபிள் என்று பெயர் வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் நெஞ்சு வலிமுதல் முதுகு வலிவரை அந்தப் பெயருக்குள் அடங்காதது இல்லை. மெடிக்கல் ஷாப்பில் பையனிடம் சொன்னால் சின்ன கவரில் நாலு மாத்திரை போட்டுத் தருவான். பில் கேட்காதீர்கள், சீட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். பெருங்காயம் கரைத்துக் குடியுங்கள். பழைய ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகாதீர்கள். டாக்டரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். சங்கோஜம் நம் பண்பாடு, கெடுவோ அதன் கூடப்பிறந்தது.

மறைந்திருக்கும் காயத்துக்கு இந்தச் சலுகைகூட எல்லா நாட்டிலும் எளிதில் வந்துவிடவில்லை. இங்கிலாந்தில் எஃகுப் பட்டறைத் தொழிலாளர்கள் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போனார்கள். நோய் வந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே கெடு முடிந்துவிட்டிருந்தது. பிரபுக்கள் சபை 1963இல், அநியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் சட்டம் அப்படித்தான் என்று கைவிரித்தது. அதே வருஷம் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. இன்று அங்கே மூன்று வருஷம். காயப்பட்ட நாள் அல்லது அதை அறிந்த நாள், எது பிந்தியதோ அதிலிருந்து.

2025 நவம்பர் வரை நம்மிடம் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் வருஷத்தது. தொழில்நோய்க்கு அது வைத்திருந்த தேதி நயமானது. நோயால் ஆள் தொடர்ந்து வேலைக்கு வராமல் போன முதல் நாள் எதுவோ, அதுதான் விபத்து நடந்த நாள். அதிலிருந்து இரண்டு வருஷம். வேலையை விட்டு நின்றபின் இரண்டு வருஷத்துக்குள் அறிகுறி தென்பட்டால், அது முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நாள். இருமிக்கொண்டே ஷிஃப்டுக்குப் போகிற மில் தொழிலாளிக்கு இதன்படி நோயே இன்னும் வரவில்லை. என்றைக்குப் படுக்கிறாரோ அன்றைக்குத்தான் எண்ணத் தொடங்குவார்கள். காலம் கடத்த விரும்பும் தொழிலாளி ஆகவே முதலில் லீவு போட வேண்டும். இவ்வளவு நாள் உழைத்ததற்கு அந்த ஒரு சிரமம்தான்.

வாசலுக்கு வாசல் வேறு கணக்கு

ஒரே கெடுவாக இருந்தால் யாராவது மனப்பாடம் செய்துவிடுவார்கள் என்று பயந்தோ என்னவோ, ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ரயிலிலிருந்து விழுந்தால் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம், விபத்திலிருந்து ஒரு வருஷம். விமானத்தில் அடிபட்டால் இரண்டு வருஷம்; விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து, வராமலே போனால் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. அநியாயமாக அடைத்து வைக்கப்பட்டவருக்கு வெளியே வந்த நாளிலிருந்து ஒரு வருஷம். அஜாக்கிரதையால் உயிர் போனால், 1855ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டப்படி குடும்பத்துக்கு இறந்த நாளிலிருந்து இரண்டு வருஷம்; அடிபட்டு மூன்று மாதம் கிடந்து இறந்தாலும் இறந்த நாளே கணக்கு. மோட்டார் சட்டத்தின் வரியோ விபத்து நடந்ததிலிருந்து என்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களை வழியனுப்பிவிட்டு, இந்த இரண்டில் எது தனக்கு என்று அந்த வீட்டுப் பெண் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

எந்த வாசலுக்கும் பொருந்தாத காயங்களுக்கு, பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்து தலையில் விழுந்த மாதிரியான காயங்களுக்கு, சாதாரண சிவில் கோர்ட் இருக்கிறது. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 113ஆம் இனப்படி மூன்று வருஷம். அரசாங்கத்தின்மேல் வழக்கு என்றால் முதலில் இரண்டு மாத நோட்டீஸ். அந்த இரண்டு மாதத்தைக் கெடுவில் கழித்துக்கொள்ளலாம். தவறான கோர்ட்டில் நல்லெண்ணத்தோடு முனைப்பாக வழக்கு நடத்திக்கொண்டிருந்த காலத்தையும் கழிக்கலாம். தவறான டீக்கடையில் நடத்தியதைக் கழிக்க முடியாது.

அடிபட்டது குழந்தை என்றால் சிவில் வழக்கில் சட்டம் எக்கச்சக்கமாகக் காத்திருக்கும். பதினெட்டு வயது முடிந்து, அதற்கு மேலும் மூன்று வருஷம். பத்து வயதில் சுவர் விழுந்த பிள்ளை இருபத்தோரு வயதுக்குள் தானே வழக்குப் போடலாம். இப்படிப்பட்ட கெடுவைத் தவறவிடுவதற்குத் தனித் திறமை வேண்டும். பதினோரு வருஷத்தில் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கரையான் தின்றுவிடும், சாட்சிகள் சிங்கப்பூர் போயிருப்பார்கள். இருந்தும் பிள்ளைக்கு ஞாபகம் வந்துவிட்டால்? இருபத்தோராவது பிறந்தநாளைத் தடபுடலாகக் கொண்டாடி, கேக் வெட்டி, அந்த வாரம் முழுவதும் வக்கீல் வீட்டுப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று: எண்ணத் தொடங்கியபின் எது வந்தாலும் எண்ணுவது நிற்காது என்பது காலவரையறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. அடிபட்டு மூன்று மாதம் தெளிவாக இருந்தவர் நான்காம் மாதம் மனநிலை தவறினால், கெடு அவரைத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பிரிவைக் கிண்டல் செய்ய எனக்கு வரவில்லை.

நாடு முழுவதற்கும் கெடு ஒருமுறை நின்றது. கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாள்களைக் கணக்கிலிருந்து விலக்கினார்கள். அது முடிந்து சரியாக ஒரு மாதத்தில் மோட்டார் விபத்துக்காரர்களுக்கு ஆறு மாதக் கெடு வந்து சேர்ந்தது.

மன்னிப்பு மனு எழுதும் கலை

நுகர்வோர் ஆணையம், ரயில்வே தீர்ப்பாயம் போன்ற சில இடங்களில், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கலாம். இதை முறியடிக்க ஒரு நல்ல பிரமாண வாக்குமூலம் வேண்டும். "உடல்நிலை சரியில்லாததாலும் தவிர்க்க முடியாத சொந்தக் காரணங்களாலும்" என்று ஒரே வரி எழுதுங்கள். எந்த உடல்நிலை, எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று விவரம் கொடுத்துவிட்டால் நீதிபதி இளகிவிடக்கூடும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும் என்ற பழைய கண்டிப்பை உச்ச நீதிமன்றமே 1987இல் நையாண்டி செய்திருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் ஏன் கேட்கக்கூடாது என்று. ஆகவே காரணம் உண்மையாகவும் காகிதத்தோடும் இருந்தால் உங்கள் தோல்விக்கு உத்தரவாதம் இல்லை.

சிவில் வழக்கில் அந்தக் கவலையே வேண்டாம். காலவரையறைச் சட்டத்தில் தாமதத்தை மன்னிக்கும் 5ஆம் பிரிவு மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும்தான். அசல் வழக்குக்குக் கிடையாது. மூன்று வருஷத்துக்கு மேல் ஒருநாள் ஆனாலும் தீர்ந்தது. எதிரி மறந்துபோய் அதைச் சொல்லாமல் விட்டாலும், கெடு கடந்த வழக்கைக் கோர்ட்டே தள்ளிவிட வேண்டும் என்பது 3ஆம் பிரிவு. எதிரிக்கு இல்லாத ஞாபகசக்தி சட்டத்துக்கு உண்டு.

இவ்வளவையும் மீறி, யாரோ வற்புறுத்தி, கடைசி நேரத்தில் உங்களை வக்கீலிடம் இழுத்துப் போய்விட்டார்கள் என்று வையுங்கள். மனு டைப் ஆகிவிட்டது, வக்காலத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. கோர்ட் மூடியிருக்கும் நாளில் கெடு முடிந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்று 4ஆம் பிரிவு ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறது. குமாஸ்தா போன் செய்வார்: "ஐயா, திங்கக்கிழமை காலையில பத்தரைக்கெல்லாம் வந்துடுங்க, ஃபைல் பண்ணிடலாம்." பதற வேண்டாம். திங்கட்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை எமகண்டம். மத்தியானம் வெயில். செவ்வாய்க்கிழமை நிதானமாகப் போய்க்கொள்ளலாம்.